முன்னணையைப் பார்த்து வாங்கிய குடில்: பெத்லகேம் ஒலிவ மரச் சுரூபத் தொகுப்பு – ஒரு மதிப்புரை

கிறிஸ்துமஸ் குடில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மரியாளின் முகத்தைப் பார்த்தும், தேவதூதனின் சிறகைப் பார்த்தும் தேர்ந்தெடுப்பார்கள். நான் முதலில் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது, குழந்தையைக் கிடத்தும் தீவனத் தொட்டியாகிய முன்னணையைத்தான். லூக்கா தம் சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் பிறப்பைச் சொல்லும் இடத்தில் தொழுவம் என்ற சொல் இல்லை, குகை இல்லை, மாடும் கழுதையும் இல்லை. ஆனால் முன்னணை மட்டும் 7, 12, 16 ஆகிய மூன்று வசனங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மேய்ப்பர்களுக்குத் தூதன் கொடுத்த அடையாளமும் அதுவே: துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தியிருக்கிற ஒரு பிள்ளை. பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்; தீவனம் போடும் தொட்டியில் கிடத்துவதுதான் எங்கும் நடக்காதது. ஆகவே அந்தத் தொட்டி தொட்டியாக இல்லாவிட்டால் குடிலில் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை என்பது என் கட்சி. இந்த மதிப்புரையும் அந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

தொகுப்பில் உள்ளவை: மரப்பட்டையைக் கூரையாக வேய்ந்த ஒரு கொட்டகை, மரியாள், யோசேப்பு, குழந்தை, தேவதூதன், இரண்டு மேய்ப்பர்கள், காணிக்கையோடு கிழக்கிலிருந்து வந்த மூன்று சாஸ்திரிகள் என 9 பேர், மாடு, கழுதை, ஒட்டகம், மூன்று ஆடுகள் என 6 விலங்குகள். நிற்கும் உருவங்கள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரம். எல்லாம் பெத்லகேமின் பட்டறைகளில் ஒலிவ மரத்தில் செதுக்கப்பட்டவை. அவ்வூர்க் கைவினைஞர்கள் இதற்காகக் காய்க்கும் மரத்தை வெட்டுவதில்லை. கவாத்து செய்யும்போது கழியும் கிளைகளையே பயன்படுத்துவது வழக்கம். அதனால் மரத்தில் முடிச்சும் உண்டு, தேன் நிறத்தின் நடுவே காப்பிக்கொட்டை நிறத்தில் ஓடும் வரிகளும் உண்டு. வண்ணம் பூசவில்லை. முகங்களில் கண், மூக்கு, வாய் எதுவும் செதுக்கவில்லை. முதல் நாள் இது எனக்கு ஒரு குறையாகப் பட்டது; இரண்டாம் நாள் முதல் இதுவே இத்தொகுப்பின் பலமாகத் தோன்றத் தொடங்கியது.

ஏனென்றால் இதற்கு முன் என்னிடம் இருந்தது வண்ணம் தீட்டிய ரெசின் வார்ப்பு. அதில் முன்னணைக்கு வளைந்த கால்களும் விளிம்பில் பொன் பூச்சும் இருந்தன. அதன்மேல் பிறந்த அன்றே தலைநிறையச் சுருள்முடியுடன், பட்டு உடுத்தி, இரண்டு கைகளையும் விரித்து ஆசீர்வதிக்கும் குழந்தை. அது பிறந்த பிள்ளை அல்ல. முடிசூட்டு விழாவுக்கு வந்து சேர்ந்த சிறிய அரசர். கிறிஸ்தவ விசுவாசம் அந்தப் பிள்ளையை அரசர் என்றே அறிக்கையிடுகிறது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் காண்பதற்கு மேய்ப்பர்களுக்கு ஒரு தூதனின் வார்த்தை தேவைப்பட்டது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்படி அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பொன் பூசிய முன்னணை அந்தத் தூதனுக்கு வேலை இல்லாமல் செய்துவிடுகிறது.

இந்தத் தொகுப்பின் முன்னணை சுண்டுவிரல் நீளமே உள்ள ஒரு குடைந்த மரத்துண்டு. வெளிப்புறம் இழைத்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். உட்புறத்தில் உளி கொத்திய தடங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படுகிறது. அதன் ஒரு ஓரம் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதைச் செதுக்கியவரின் கைப்பிசகு என்று முதலில் எண்ணினேன். விலங்கு கழுத்தை நீட்டித் தின்பதற்கு வாகாகத் தேய்ந்த ஓரம் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன். எது உண்மை என்று செதுக்கியவருக்குத்தான் தெரியும். பாலஸ்தீனத்தில் அகழ்ந்தெடுத்த பழங்காலத் தொட்டிகள் பல சுண்ணாம்புக் கல்லில் குடையப்பட்டவை என்பதால், வரலாற்றுக் கண்டிப்பு உள்ளவர்கள் மரத்தொட்டியைக் குறை சொல்லலாம். கீழைத் திருச்சபைகளின் பிறப்புத் திருவோவியங்களில் முன்னணை கல்லறைப் பெட்டியைப் போன்ற கல்தொட்டியாகவும், பிள்ளையைச் சுற்றிய துணி பிணத்தைச் சுற்றும் சீலையைப் போலவும் வரையப்படுவதுண்டு. அந்தக் கனத்தை ஒலிவ மரம் தராது. ஆனால் தீவனத் தொட்டி என்ற அடிப்படை உண்மையை இது மறைக்கவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்த நமக்கு ‘முன்னணை’ என்ற சொல் ஆராதனையில் கேட்டுக் கேட்டு மணம் ஏறிப்போய்விட்டது. பொது மொழிபெயர்ப்பு ‘தீவனத் தொட்டி’ என்று வெளிப்படையாகப் போட்டபோது சிலருக்கு அது முகம் சுளிக்க வைத்தது. அந்தச் சுளிப்புத்தான் மூலத்தில் உள்ளது என்று நினைக்கிறேன்.

பெத்லகேம் என்ற எபிரெயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அப்பத்தின் வீட்டில், உணவு வைக்கும் தொட்டியில், ‘ஜீவ அப்பம் நானே’ என்று பின்னாளில் சொல்லப்போகிறவர் கிடத்தப்பட்டார் என்று மகா கிரகோரியார் முதலான திருச்சபைப் பிதாக்கள் பிரசங்கித்தார்கள். தொட்டியைத் தொட்டிலாக மாற்றிவிட்டால் இந்தப் பொருத்தமும் கைநழுவிப் போய்விடும்.

குழந்தை தனித் துண்டு, தொட்டியோடு ஒட்டப்படவில்லை. என் கட்டைவிரலின் மேற்கணுவை வைத்தால் முழுவதும் மறைந்துவிடும் அளவு. செதுக்கியவர் இங்கே ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறார்: மரத்தின் கருவரிகள் உடலைச் சுற்றி வளைந்து ஓடும்படி துண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். துணி என்று தனியாக ஒன்றும் செதுக்காமலே, சுற்றிக் கட்டிய பிள்ளை தெரிகிறது. கை கால்கள் கட்டுக்குள். ஒளிவட்டம் இல்லை. உலகத்தைப் படைத்தவர் தம் கையைத் தாமே அசைக்க முடியாத நிலையில் கிடக்கிறார் என்று சொல்வதற்கு இவ்வளவு சிறிய மரத்துண்டே போதும்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து தேவனுடைய ரூபமாயிருந்தும் ‘தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்’ என்று சொல்கிறார். ‘வெறுமையாக்கி’ என்பதைப் படித்துவிட்டு, தெய்வத்தன்மையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். வாக்கியத்தின் போக்கு அப்படி இல்லை. வெறுமையாக்கியது எப்படி என்றால், எதையோ கழித்து அல்ல, அடிமையின் ரூபத்தை எடுத்துக்கொண்டு. 451இல் கூடிய கல்கெதோன் பொதுச்சங்கம் இதைத்தான் வரையறுத்தது: மெய்யாகவே தேவன், மெய்யாகவே மனிதன், ஒன்று மற்றொன்றில் கரையாமல், ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எழுதிய கடிதத்தில் ரோமைத் திருத்தந்தை மகா லியோ, மனிதத்தன்மை உயர்த்தப்பட்டதே தவிர தெய்வத்தன்மை குறைக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார். எனவே தாழ்மையான பிறப்பு என்பது தேவன் சில காலம் தேவனாக இல்லாமல் இருந்த கதை அல்ல. தாழ இறங்குவதே தேவனுடைய குணம் என்று அந்தத் தொட்டியில் வெளிப்பட்டது என்பதே திருச்சபையின் போதனை. முகமில்லாத இந்தச் சிறு மரத்துண்டு அந்தப் போதனைக்கு ஒத்துப்போகிறது. ஆசீர்வதிக்கும் பட்டுக் குழந்தை ஒத்துப்போகவில்லை.

மரியாளின் உருவத்தில் எனக்கு மனக்குறை உண்டு. நேராக முழங்காலிட்டு, கைகளைக் கூப்பி, முதுகு வளையாமல் இருக்கிறாள். சற்று முன்தான் பிள்ளை பெற்றவள் என்பதற்கு ஓர் அறிகுறியும் இல்லை. மேற்கத்திய ஓவிய மரபில் மரியாள் இப்படி முழங்காலிடத் தொடங்கியது 14ஆம் நூற்றாண்டில், சுவீடன் நாட்டுப் பிரிஜித்தா தாம் கண்ட தரிசனத்தை விவரித்த பிறகே பரவலாயிற்று. அதற்கு முற்பட்ட பைசாந்திய ஓவியங்களில் அவள் படுக்கையில் களைத்துச் சாய்ந்திருப்பாள். எனக்கு அந்தப் பழைய சாயல்தான் வேண்டும். பிறப்பின் தாழ்மை என்றதும் நம் மனம் வறுமைக்கே ஓடுகிறது. ஆனால் திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் இடறலாக இருந்தது வறுமை அல்ல, பிறப்பு என்பதேதான். 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், தேவன் ஒரு பெண்ணின் வயிற்றில் வளர்ந்து இரத்தத்தோடும் அழுகையோடும் வெளிவருவதை அருவருத்து, பிறவாமல் நேரே வளர்ந்த ஆளாகத் தோன்றிய ஒரு கிறிஸ்துவைப் போதித்தார். அவருக்கு மறுமொழி எழுதிய தெர்த்துல்லியன், வயிற்றில் சுமந்த மாதங்களையும் பேறுகால வேதனையையும் ஒளிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, கிறிஸ்து மனிதனை நேசித்தார் என்றால் மனிதன் பிறக்கும் விதத்தையும் சேர்த்தே நேசித்தார் என்று வாதாடினார். களைப்பே தெரியாத மரியாளைச் செதுக்குகிற ஒவ்வொருவரும், தெரியாமலே மார்சியோனுக்கு ஓர் அங்குலம் இடம் கொடுத்துவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

யோசேப்பு நன்றாக வந்திருக்கிறார். ஒரு கையில் விளக்கு, மற்றொரு கையில் தடி. சற்று ஒதுங்கி நிற்கிற தோரணை. அவ்வளவே போதும்.

இத்தொகுப்பில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது பெற்றோர் பலியாகச் செலுத்த வேண்டியது ஒரு ஜோடு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள் என்று லூக்கா குறிக்கிறார். லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தின்படி பிள்ளை பெற்றவள் ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும். அதற்கு வசதி இல்லாதவளுக்கே புறாக்கள். அந்தக் குடும்பத்தின் பொருளாதார நிலைக்கு லூக்கா விட்டுச் சென்ற தெளிவான சாட்சி தொழுவம் அல்ல, இந்தப் புறாக்கள்தான். குடிலில் மேய்ப்பன் ஒருவன் தோளில் ஆட்டுக்குட்டியோடு நிற்கிறான். அந்த ஆட்டுக்குட்டியை வாங்க வழியில்லாத தாய் எதிரே முழங்காலிட்டிருக்கிறாள். இரண்டு சிறிய புறாக்களைக் கூரையின்மேல் வைத்திருந்தால் இந்தத் தொகுப்பு வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

கொட்டகைக்கும் அதனுடன் வந்த கையேட்டுக்கும் வருவோம். கையேட்டில் கல்நெஞ்சக்காரச் சத்திரக்காரன் ஒருவன் கதவைச் சாத்திய கதை விரிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. சுவிசேஷத்தில் சத்திரக்காரனே கிடையாது. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியால்’ என்று வருமிடத்தில் லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் கத்தாலுமா. கடைசி இராப்போஜனம் நடந்த அறைக்கும் அவர் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த, கூலி வாங்கும் சத்திரத்துக்கு அவர் போட்ட சொல் வேறு: பந்தோகேயோன். ஆகவே கத்தாலுமா என்பது ஒரு வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அக்காலத்து எளிய வீடுகளில் இரவில் கால்நடைகளை வீட்டுக்குள்ளேயே ஒரு தாழ்ந்த பகுதியில் கட்டுவதும், அங்கே தொட்டி இருப்பதும் உண்டு. குடிமதிப்புக்காக வந்த உறவினர்கள் நிறைந்த வீட்டில், விருந்தறையில் இடமில்லாமல், கால்நடைப் பகுதியில் பிள்ளை பிறந்தது என்று வாசித்தால் கதை முழுவதும் வேறு நிறம் கொள்கிறது. இன்னொரு மிகப் பழைய மரபு குகையைச் சொல்கிறது. 2ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் பெத்லகேமுக்கு அருகே ஒரு குகையைக் குறிப்பிடுகிறார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கட்டத் தொடங்கி, 6ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்ட பிறப்புப் பேராலயமும் ஒரு குகையின்மேல்தான் நிற்கிறது. அந்தப் பேராலயத்தின் வாசல் உயரம் சுமார் 1.2 மீட்டர். குதிரையோடும் வண்டியோடும் உள்ளே நுழைந்து கொள்ளையிடுவதைத் தடுக்க அடைத்துச் சிறிதாக்கியது என்று சொல்லப்படுகிறது. யாத்திரிகர்களோ அதைத் தாழ்மையின் வாசல் என்று அழைத்துக் குனிந்து நுழைகிறார்கள்.

வெட்டவெளியில் தனியாக நிற்கும் மரக்கொட்டகை இவ்விரண்டு மரபுக்கும் பொருந்தாது. அதைப் பெரிய பிழை என்று நான் சொல்லமாட்டேன். குடில் என்பது அகழ்வாராய்ச்சி அறிக்கை அல்ல. ஆனால் கையேடு சொல்லும் கதைக்கு ஒரு விளைவு உண்டு. தாழ்மைக்குக் காரணம் ஒரு கெட்ட மனிதனின் இரக்கமின்மை என்று ஆகிவிடுகிறது. கதவு திறந்திருந்தால் எல்லாம் வசதியாக முடிந்திருக்கும் என்ற எண்ணம் வருகிறது. பவுல் சொல்வது அதற்கு நேர்மாறு: ‘அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே.’ தள்ளப்பட்டதால் அல்ல, தெரிந்தே அவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லூக்கா 2ஆம் அதிகாரத்தை வாசிப்பது நல்லது.

மாடும் கழுதையும் செதுக்கலில் அருமை. கழுதையின் காது ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திரும்பியிருக்கிறது. சத்தம் கேட்ட கழுதையைப் பார்த்தவர்தான் அப்படிச் செதுக்க முடியும். சுவிசேஷத்தில் இல்லாத இவ்விரண்டும் குடிலுக்குள் வந்தது ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து: ‘மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்; இஸ்ரவேலோ அறிவில்லாமலும், என் ஜனம் உணர்வில்லாமலும் இருக்கிறது.’ 1223இல் பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் முதன்முதல் அமைத்த காட்சியில் மரியாளுக்கோ யோசேப்புக்கோ சுரூபம் இருந்ததாகத் தகவல் இல்லை. வைக்கோல் நிறைந்த தொட்டி, உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை, தொட்டியின்மேல் நற்கருணைப் பலி. குறைவாக வைத்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னோடி இல்லை.

சாஸ்திரிகள்தான் இத்தொகுப்பின் மிகப் பலவீனமான பகுதி. எல்லாரையும்விட ஒரு தலை உயரம், தலையில் கிரீடம், கையிலுள்ள பேழைகளில் மட்டும் பொன் பூச்சு. மத்தேயு அவர்களை அரசர்கள் என்று சொல்லவில்லை; மூன்று பேர் என்றும் சொல்லவில்லை, மூன்று காணிக்கைகளைச் சொல்கிறார். அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில். கிரீடமும் ஒட்டகமும் 72ஆம் சங்கீதத்திலிருந்தும் ஏசாயா 60ஆம் அதிகாரத்திலிருந்தும் ஏறிக்கொண்டவை. கிரீடம் வைத்தவர்கள் தொட்டிக்குமுன் குனிவது நல்ல காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் இவர்கள் குனியவே இல்லை. நிமிர்ந்து நிற்கிறார்கள், அதனால் கண் முதலில் அவர்களிடம் போய் நிற்கிறது.

உண்மையில் இந்தக் கதையின் அரசர்கள் குடிலில் இடம்பெறாத இருவர். ஒருவன் யூதேயாவை ஆண்ட ஏரோது, அவன் கட்டிய அரண்மனைக் கோட்டையான ஏரோதியம் பெத்லகேமுக்குத் தென்கிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் ஒரு குன்றின்மேல் இருந்தது. மற்றவன் ரோமப் பேரரசன் அகுஸ்து ராயன். லூக்கா பிறப்பின் கதையை அவன் கட்டளையோடுதான் தொடங்குகிறார். அகுஸ்து தெய்வமாக்கப்பட்டவரின் மகன் என்று தன் நாணயங்களில் பொறித்துக்கொண்டவன். சின்ன ஆசியாவின் பிரியேனே நகரில் கிடைத்த, கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு அவனை இரட்சகன் என்றும், அவன் பிறந்த நாளை உலகத்துக்கான நற்செய்தியின் தொடக்கம் என்றும் புகழ்கிறது. தூதன் மேய்ப்பர்களிடம் ‘நற்செய்தி’ என்றும் ‘இரட்சகர்’ என்றும் ‘கர்த்தர்’ என்றும் சொன்ன சொற்கள் அந்த அரசவைச் சொற்களே. அவற்றை எடுத்து, தீவனத் தொட்டியில் கிடக்கும் ஒரு பிள்ளைக்குச் சூட்டுகிறான். தீர்க்கதரிசி மீகா பெத்லகேமை யூதேயாவின் ஆயிரங்களுக்குள்ளே சிறியது என்று அழைத்ததும், ஈசாயின் குமாரர்களில் இளையவனாகிய தாவீது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அழைக்கப்பட்டதும் இதே ஊரின் நினைவுகள். மேசியா தாவீதின் மாளிகையில் அல்ல, தாவீது ஆடு மேய்த்த ஊரில் பிறந்தார்.

இனி பொருள் பற்றிய குறைகள். கொட்டகையின் பின்புறம் சாவி கொடுத்துச் சுழற்றும் ஓர் இசைப்பெட்டியைப் பதித்திருக்கிறார்கள். அது நான்கு வரிக்கு மேல் தாண்டாமல் சுற்றுகிறது. ஒரே நாளில் கழற்றிவிட்டேன், இரண்டு திருகாணிகள்தான். நட்சத்திரத்தின் பின்னால் உள்ள சிறு விளக்கு தேவதூதனை வெளிச்சமாக்கி, கீழே உள்ள தொட்டியை நிழலில் தள்ளுகிறது. விளக்கை அணைத்துவிட்டு முன்புறம் தரைமட்டத்தில் ஒரு மெழுகுவர்த்தி வைத்தால் எல்லாம் இடம் மாறுகிறது: சாஸ்திரிகளின் தலைகள் இருளுக்குள் போய்விடுகின்றன, தொட்டியின் உட்புற உளித்தடங்கள் தெரிகின்றன.

பொதி கட்டியதில் கவனம் போதாது. பெரிய உருவங்களுக்குத் தாள் சுற்றியவர்கள் ஆடுகளை வெறுமனே மூலையில் போட்டிருந்தார்கள். ஓர் ஆடு முன்னங்கால் ஒடிந்து வந்தது. விற்றவருக்குப் படத்துடன் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை; இரண்டாவதுக்கு மன்னிப்புக் கேட்டு வேறோர் ஆடு அனுப்பினார்கள். அது மற்றவற்றைவிடப் பெரியது, வேறு கிளையின் மரம், நிறமும் வெளுப்பு. பழைய ஆட்டின் காலைப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டு தெரிகிறது, ஆனால் நிற்கிறது. மந்தையில் இப்போது நான்கு.

வாங்க நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். குழந்தையும் தொட்டியும் ஒட்டாத தனித் துண்டுகளா என்பது ஒன்று. ஒட்டியவையும் விற்கிறார்கள், அவற்றில் வெறும் தொட்டியைப் பார்க்க வழியே இல்லை. சாஸ்திரிகள் இல்லாத சிறிய தொகுப்பு கிடைக்குமா என்பது மற்றொன்று. கிடைத்தால் அதையே எடுங்கள். என் வீட்டில் அம்மூவரும் ஒட்டகத்தோடு அறையின் மறுகோடியில், புத்தக அலமாரியின் மேல் நிற்கிறார்கள். அங்கிருந்து வந்து சேர, அவர்கள் வருகையைத் திருச்சபை கொண்டாடும் ஜனவரி 6 ஆகும். கொட்டகைக்குள் இப்போதைக்கு மாடும் கழுதையும், ஒதுங்கி நிற்கும் யோசேப்பும், களைப்பில்லாத மரியாளும், தொட்டியின் தாழ்ந்த ஓரத்துக்கு அருகில் ஒட்டுப்போட்ட ஆடும் இருக்கின்றன.